கோடைக்கு ஒரு தரை டிக்கெட்

சித்திரை பிறந்ததும் கையில் இருக்கிற காசு மூன்று பக்கமாகப் பிரிகிறது. குடிக்கக் கொஞ்சம், நனையக் கொஞ்சம், இருட்டில் உட்காரக் கொஞ்சம். பெட்டிக்கடை, தண்ணீர்ப் பூங்கா, தியேட்டர் என்ற இந்த மூன்றையும் சுற்றித்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் முழுப்பரீட்சை லீவு ஓடுகிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு அலையும் பெரியவர்களின் லீவும். மே 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கிவிட்டால், "எங்கேயாவது குளுகுளுன்னு போலாமா?" என்ற பேச்சு எழாத வீடு கிடையாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. அத்தனை வெயிலையும் வைத்துக்கொண்டு ஒரு ஊர் தன் மக்களை எப்படிச் சிரிக்க வைக்கிறது என்பது எனக்கு ஒருநாளும் சின்ன விஷயமாகத் தோன்றியதில்லை.

ஒவ்வொரு கோடையிலும் புதுசாக என்ன வந்திருக்கிறது என்று தேடிப் போகிற ஆள் நான். புது கலர் வந்தால் வாங்கிக் குடிப்பேன். புது ராட்டினம் வந்தால் ஏறிப் பார்ப்பேன். பழைய படத்தைத் திரும்ப ரிலீஸ் செய்தாலும் வரிசையில் நிற்பேன். ஆனால் எங்கே போய் நின்றாலும் மனசு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்குத் தரை டிக்கெட் உண்டா? டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து, அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சேர் டிக்கெட் வாங்கியவருக்கும் தரை டிக்கெட் வாங்கியவருக்கும் திரையில் ஓடியது ஒரே படம். காசு குறைவு என்பதற்காக யாரையும் வாசலோடு திருப்பி அனுப்பாத ஏற்பாடு அது.

குடிக்கிற சமாசாரத்தில் தரை டிக்கெட் என்றால் கோலி சோடாதான். அந்தப் புட்டியை வடிவமைத்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். கார்க் இல்லை, தகர மூடி இல்லை. கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். புட்டியைக் கவிழ்த்த நிலையில் கேஸ் ஏற்றுவார்கள். கோலி தன் கனத்தில் வாய்ப்பக்கம் இறங்கி நிற்கும். பிறகு நிமிர்த்தினாலும் விழாது. உள்ளே அடைபட்ட கேஸே அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எதை வெளியே விடக் கூடாதோ அதையே பூட்டாக மாற்றிய மூளை அது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பழைய சோடா கம்பெனிகளில் புட்டிகளை இரும்புச் சட்டத்தில் அடுக்கி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். தண்ணீரில் கேஸ் நன்றாகக் கலக்க அந்தச் சுழற்சி வேண்டும். வெயிலில் புட்டி வெடித்துவிடும் என்று சுற்றுகிறவருக்கும் சட்டத்துக்கும் நடுவே கம்பி வலை இருக்கும், இல்லையென்றால் ஈரச் சாக்கு தொங்கும். கடைக்கு வந்தபிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து, கீச்சென்று சத்தம், நுரை பொங்கி விரல் நனையும், கோலி இறங்கிக் கழுத்து இடுக்கில் உட்காரும். புட்டியின் கழுத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு. அவை கீழ்ப்பக்கமாக இருக்கும்படி சாய்த்தால் கோலி அங்கே மாட்டிக்கொண்டு வழிவிடும். மாற்றிப் பிடித்தால் ஓடிவந்து வாயை அடைத்துக்கொள்ளும். முதன்முதலாகக் குடிக்கிற பிள்ளை விழித்துக்கொண்டு நின்றால், கடைக்கார அண்ணாச்சி கல்லாவிலிருந்தே சொல்லுவார்: "பள்ளத்தைக் கீழ வச்சுப் புடி தம்பி." இப்படிச் சொல்லிக்கொடுத்துத்தான் இந்தப் பானம் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு வந்து சேர்ந்தது.

கலர் என்று வந்தால் காளிமார்க்கைச் சொல்லாமல் நகர முடியாது. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய கம்பெனி அது. 1950களின் இறுதியில் வந்த பவண்டோ இன்றைக்கும் தென்மாவட்டங்களில் விருந்தாளிக்கு உடைத்துக் கொடுக்கிற கலராக இருக்கிறது. கோலா போலக் கறுப்பு, ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் திராட்சை வாசம். இனிப்பு தொண்டையில் இறங்கியபிறகு மெல்லிய காரம் ஒன்று நாக்கில் தங்கும். கறிச்சோறு சாப்பிட்டபின் அதைக் குடித்தவர்கள் அந்தக் காரத்தைத்தான் தேடித் திரும்ப வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

பவண்டோவுக்கு எதிரே எத்தனை பேர் வந்தார்கள், போனார்கள்! 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்கு அது உடன்படவில்லை. ஜனதா ஆட்சியில் தொழில்துறை அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் விட்டுக்கொடுக்கவும் இல்லை. காலியான இடத்தில் 'டபுள் செவன்' என்று அரசாங்கமே ஒரு கோலா தயாரித்து விற்றது. பார்லே நிறுவனம் தம்ஸ் அப்பைக் கொண்டுவந்தது. கேம்பா கோலா வந்தது. அரசாங்க கோலா நிலைக்கவில்லை. தம்ஸ் அப் நிலைத்தது. 1993இல் திரும்பி வந்த கோகோ கோலா அந்த தம்ஸ் அப்பையும், லிம்காவையும், கோல்டு ஸ்பாட்டையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. ஆரஞ்சு நிற கோல்டு ஸ்பாட் அதன்பிறகு கடையிலிருந்தே மறைந்துபோனது. எண்பதுகளில் பிள்ளையாக இருந்த யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

தமிழ்நாட்டில் 2017 தை மாதம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்கள் இன்னொரு திருப்பத்தையும் கொண்டுவந்தார்கள். அந்தச் சூட்டோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அதுவரை மூலையில் கிடந்த பவண்டோவும் பன்னீர் சோடாவும் பிரிட்ஜின் முன்வரிசைக்கு வந்தன. அந்த வேகம் அப்படியே நீடிக்கவில்லைதான். ஆனாலும் சொந்த ஊர் கலரைக் கேட்டு வாங்குவதில் இருந்த கூச்சம் அந்தக் கோடையோடு போய்விட்டது. அதை நான் பெரிய லாபமாகவே எண்ணுகிறேன்.

இப்போது புதிதாக வந்திருப்பது பழைய பெயர். கேம்பாவை ரிலையன்ஸ் வாங்கி 2023இல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. 200 மில்லி புட்டி பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாய் போட்டியில் மற்றவர்களும் சின்னப் புட்டிகளை இறக்கிவிட்டிருக்கிறார்கள். தரை டிக்கெட் கேட்கிறவன் என்ற முறையில் எனக்கு இது சந்தோஷம் தர வேண்டும். முழுச் சந்தோஷம் வரவில்லை. கோலா வகைகளில் 100 மில்லிக்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கே கூடுதல் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எட்டு வயசுப் பிள்ளை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று குடித்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பெற்றவர்கள்தான் யோசிக்க வேண்டும். விசேஷத்துக்குக் குடிக்கிற கலர் தாகத்துக்குக் குடிக்கிற கலராக மாறிவிடக் கூடாது. தாகத்துக்குத் தண்ணீர், மோர், பானையில் ஊறிய வெட்டிவேர்த் தண்ணீர் இருக்கின்றன.

நன்னாரியும் இருக்கிறது. நன்னாரி வேரைக் காய்ச்சி எடுத்த பாகு, எலுமிச்சம்பழம், கொஞ்சம் ஐஸ். சாலையோர வண்டியில் இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. பனைமரம் இருக்கிற ஊர்க்காரர்கள் என்றால் ராஜயோகம். மொத்தக் குலையையும் இறக்கி, அரிவாளால் ஒரு சீவு. மூன்று கண்ணும் திறந்துகொள்ளும். பெருவிரலை உள்ளே விட்டு நெம்பினால் நுங்கு வழுக்கிக்கொண்டு வாய்க்குள் போகும். தின்று முடித்த நுங்குக் கூந்தல் இரண்டை ஒரு குச்சியில் கோத்துவிட்டால் வண்டி தயார். பானமும் விளையாட்டுச் சாமானும் ஒரே காயில் கிடைக்கிற கோடை வேறு எங்கே உண்டு? பதநீருக்கு மட்டும் நேரம் பார்த்துப் போக வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இனிப்பாக இறங்குகிறது. விடிந்ததும் குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் ருசி போய்விடும்.

மதுரைக்காரர்கள் இந்நேரம் ஜிகர்தண்டாவை இன்னும் சொல்லவில்லையே என்று முறைப்பார்கள். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிப் பொங்கிய பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, நன்னாரி சிரப், மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். குடிப்பதா தின்பதா என்ற குழப்பத்திலேயே டம்ளர் காலியாகிவிடும். விளக்குத்தூண் பக்கம் இரவு பத்து மணிக்கும் அதற்காகக் கூட்டம் நிற்கும். ரோட்டோரம் நின்றபடியே, பட்டுச்சேலைக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் குடிக்கிறார்கள். இந்தப் பானங்களுக்கும் சினிமாவுக்கும் இருக்கிற ஒட்டுறவைச் சொல்ல ஒரு தகவல் போதும்: 2014ஆம் ஆண்டு ஒன்றிலேயே 'கோலி சோடா' என்று ஒரு படம் வந்தது, 'ஜிகர்தண்டா' என்று இன்னொரு படம் வந்தது. இரண்டும் ஓடின.

அந்த ஒட்டுறவு கொட்டகையிலேயே தொடங்கியதுதான். இடைவேளையில் மரப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓப்பனரால் புட்டிகளின் மேல் கிணுகிணுவென்று உரசியபடி "சோடா கலரேய்" என்று வருகிறவரின் குரலுக்குக் காத்திருந்த தலைமுறை என்னுடையது. இந்த ஊர்ஊராகப் போகும் சினிமாவைத் தென்னாட்டில் தொடங்கிவைத்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து புரொஜெக்டரும் சில படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு கிளம்பினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கூடாரம் என்பதால் டிக்கெட் மலிவு. தரை என்பதால் இன்னும் மலிவு. காற்று வந்து கூடாரத்துணி படபடக்கும். மழை வந்தால் படம் நிற்கும். கோடையில் மழை இல்லை, ராத்திரியில் மணல் ஆறியிருக்கும். தரை டிக்கெட்டுக்குக் கோடையைவிடச் சிறந்த பருவம் கிடையாது.

பிற்பாடு ஊருக்கு ஊர் 'முழுவதும் குளிரூட்டப்பட்டது' என்ற போர்டு வந்தது. அந்த இரண்டு சொல்லுக்காகவே மேட்னிக்குப் போனவர்கள் உண்டு. மதுரை தங்கம் தியேட்டர் 1952இல் 'பராசக்தி'யோடு திறந்தது, 2500க்கு மேல் இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் எப்படி இருந்திருக்கும்!

கோடை ரிலீஸ் என்றால் என் கணக்கில் முதல் இடம் 'உலகம் சுற்றும் வாலிப'னுக்கு. 1973 மே 11 அன்று வந்தது. எம்.ஜி.ஆர். அதை எடுத்த விதத்தைப் பாருங்கள்: 1970இல் ஜப்பானின் ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடக்கிறது, கேமராவோடு அங்கே போய் இறங்குகிறார். ஹாங்காங், தாய்லாந்து என்று சுற்றுகிறார். விமானத்தைத் தலைக்குமேல் மட்டுமே பார்த்திருந்த கோடிப்பேருக்கு அந்த அரங்குகளும் கோபுரங்களும் மே மாத லீவில் தரை டிக்கெட் காசுக்குக் கிடைத்தன. தீம் பார்க் என்ற சொல் இங்கே புழங்காத காலம். அப்படி ஒரு இடத்துக்கு நம் மக்களை முதலில் கூட்டிப்போனது அந்தப் படம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்ப் புத்தாண்டுப் போட்டியில் நான் மறக்காதது 2005. 'சந்திரமுகி', 'மும்பை எக்ஸ்பிரஸ்', 'சச்சின்' மூன்றும் ஏப்ரல் 14 அன்று ஒன்றாக வந்தன. 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. அந்தக் கொண்டாட்டம் இப்போது கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. பெரிய படம் வராத கோடையில் பழைய படங்கள் வருகின்றன. 2004 ஏப்ரலில் வந்த 'கில்லி' சரியாக இருபது வருஷம் கழித்து 2024 ஏப்ரலில் மறுபடி ரிலீஸானது. வசனத்துக்கு வசனம் தியேட்டரே சேர்ந்து பேசியது. படம் முதலில் வந்தபோது பிறந்திராத பையன்கள் சீட்மேல் ஏறி நின்று ஆடினார்கள். மறுவருஷம் 'சச்சின்' வந்தபோதும் அதே கூத்து. டிவியிலும் செல்போனிலும் சலிக்கச் சலிக்கப் பார்த்த படத்துக்கு எதற்காகக் காசு கொடுத்து வருகிறார்கள்? கூட இருக்கிற கூட்டத்துக்காக. வீட்டில் ஏ.சி. இருக்கிறவர்களும் அதற்காகத்தான் வருகிறார்கள்.

தியேட்டரில் தரை டிக்கெட் அவ்வளவு சீக்கிரம் செத்துப்போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை மல்டிபிளெக்ஸ்களிலேயே 2017 வரை முன்வரிசையில் பத்து ரூபாய் டிக்கெட் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் விடிகாலையில் வந்து அதற்கு வரிசை கட்டுவார்கள். கழுத்தை அண்ணாந்து பார்த்தாலும் ஏ.சி. அதே ஏ.சி., ஒலி அதே ஒலி. அந்த வருஷக் கடைசியில் கட்டணம் மாற்றப்பட்டு அது போயிற்று. உச்சவரம்பு என்று ஒன்றை அரசு இன்னும் வைத்திருப்பதால், மும்பை, பெங்களூரு போல டிக்கெட் விலை இங்கே எகிறவில்லை. பாப்கார்னுக்கும் ஒரு வரம்பு வைத்தால் குடும்பஸ்தர்கள் வாழ்த்துவார்கள்.

சினிமாவிலிருந்து பூங்காவுக்குத் தாவுவது எனக்கு ஒரு சாக்கு இல்லை. சினிமாக்காரர் ஒருவரே அந்தப் பாதையைப் போட்டார். மலையாளத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன் 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்தார். இந்தியாவின் முதல் 3டி படம், அவருடைய மகன் ஜிஜோ இயக்கியது. கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்துக்கு நேரே நீளும் ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கை நீட்டாத பிள்ளை இல்லை. அதில் ஒரு பாட்டு: குழந்தைகள் தரையிலிருந்து சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடந்து, மறுபக்கச் சுவர் வழியாக இறங்கி வருவார்கள். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எதுவும் கிடையாது. அறையையே இரும்புச் சட்டத்தில் பொருத்தி, கேமராவையும் அதோடு சேர்த்துக் கட்டி, மொத்தமாக உருட்டினார்கள். பார்க்கிறவனுக்கு அறை நிற்கிறது, பிள்ளைகள் ஏறுகிறார்கள். உள்ளே நடந்ததோ அறை சுற்றச் சுற்றப் பிள்ளைகள் எப்போதும் கீழ்ப்பக்கமாகவே நடந்தது. ராட்டினம் வேறு, சினிமா வேறு என்று அந்த ஆளுக்குத் தோன்றியிருக்கவே முடியாது. 1995இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் அப்பச்சன் கிஷ்கிந்தா பூங்காவைத் திறந்தார்.

சென்னையில் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவர்களுக்குக் கிஷ்கிந்தா என்பது பள்ளிக்கூட டூர், ஈரத் துண்டு, வாழை இலையில் கட்டிய புளியோதரை. அலைக்குளம் என்ற ஒன்றை நம்மில் பலர் அங்கேதான் முதலில் பார்த்தோம். சைரன் ஊதும். இடுப்பளவு தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். முதல் அலை வந்து ஒவ்வொருவரையும் அரையடி தூக்கி இறக்கும். கடலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு செயற்கை அலைக்கு ஏன் இத்தனை ஆனந்தம் என்று கேட்கலாம். நீச்சல் தெரியாத அம்மாக்களும் சித்திகளும் பயமில்லாமல் தண்ணீரில் இறங்கியது அங்கேதான். சுடிதாரோடு, சேலையோடு, மூக்குத்தி வரை நனைந்து சிரித்த பெண்களை அதற்குமுன் இந்த ஊர் அவ்வளவாகப் பார்த்ததில்லை. இந்தப் பூங்காக்கள் செய்த ஆகப் பெரிய காரியம் அதுவென்றே சொல்வேன்.

அதற்கும் முன்னால் வி.ஜி.பி. இருந்தது. ரேடியோவும் கடிகாரமும் தவணை முறையில் விற்று வளர்ந்த வி.ஜி.பன்னீர்தாஸின் பெயரைத் தாங்கிய கடற்கரைப் பூங்கா. தவணை என்பதும் ஒருவிதத் தரை டிக்கெட்தானே! அங்கே வாசலில் ராணுவ உடுப்போடு நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்கத் தமிழ்நாடே முயன்று பார்த்திருக்கிறது. ஜோக் சொல்வார்கள், குட்டிக்கரணம் போடுவார்கள், குழந்தையைக் காட்டுவார்கள். அவர் இமைகூட அசையாது. மணிக்கணக்கில் வெயிலில் அப்படி நிற்பதன் உழைப்பு பெரியவனானபிறகுதான் எனக்கு உறைத்தது. மேட்டுப்பாளையத்தில் நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., பூந்தமல்லி தாண்டி குயின்ஸ்லேண்ட் என்று பிறகு வரிசையாக வந்தன.

புதுசு வொண்டர்லா. வி-கார்டு ஸ்டெபிலைசர் செய்து வளர்ந்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் கொச்சியில் வீகாலேண்டாகத் தொடங்கியது, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் எல்லாம் சுற்றிவிட்டு 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூருக்கு வந்திருக்கிறது. அங்கே தஞ்சோரா என்று ஒரு ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே; நாம் அதிலிருந்து தொங்குகிறோம்; காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. உச்சிக்கு இழுத்துப் போகும்வரை சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் வயிறு ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். இறங்கியபின் தெரியாத ஆட்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் இந்த மாதிரி எந்திரங்களில் ஏறுகிறேன்.

நல்ல பூங்கா, சுத்தமான தண்ணீர், பாதுகாப்பில் கவனம். இருந்தும் கட்டணம் தலைக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை, சாப்பாடு, வண்டிச் செலவு என்று போட்டால் ஐந்தாயிரத்துக்குக் குறைந்து வீடு திரும்ப முடியாது. நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி 2025-26 கணக்குப்படி 336 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எத்தனை பிள்ளைகள் அந்த வாசலைப் பார்க்காமலே வளர்வார்கள் என்று தெரிந்துவிடும். பெரும் செலவில் கட்டியவர்கள் கட்டணம் வாங்குவது நியாயமே. ஆனால் வாரநாளில் ஒன்றை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாம். கூட்டம் இல்லாத நாளில் எந்திரங்கள் சும்மா சுற்றுவதைவிட அது மேல்.

பொருட்காட்சி இதில் இன்னும் மனசாட்சியோடு நடக்கிறது. தமுக்கத்தின் பேரோடு சேர்த்தே பழகிப்போன மதுரை சித்திரைப் பொருட்காட்சிக்கு நுழைவுச்சீட்டு சொற்பம். உள்ளே போய் எதிலும் ஏறாமல், ஒரு பெரிய அப்பளத்தைக் கடித்துக்கொண்டு விளக்குகளைப் பார்த்துச் சுற்றி வந்தாலும் அது ஒரு முழு இரவு. கொஞ்சம் காசு மிஞ்சினால் ராட்சத ராட்டினம், இன்னும் மிஞ்சினால் மரணக் கிணறு. அதே சித்திரையில் அழகர் வைகையில் இறங்குகிறார். தோல் பையில் தண்ணீர் நிரப்பி, குழாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கிறார்கள் நேர்த்திக்கடன்காரர்கள். சாமிமேல் பட்டதுபோகக் கூட்டத்தின்மேல் படுகிறது. ஊரே நனைகிறது, டிக்கெட்டே இல்லை. வழி நெடுக மோர்ப் பந்தல், பானகம், விசிறி. சித்திரை வெயிலில் லட்சக்கணக்கான ஜனத்தை எப்படிக் குளிரவைப்பது என்று யோசித்த முன்னோர்கள் அதைக் கொடையாகச் செய்தார்கள்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசியபின் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லீவிலும் கல்குவாரியில், விவசாயக் கிணற்றில், ஏரிப் பள்ளத்தில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிவிட்டதாகப் பேப்பரில் செய்தி வருகிறது. பெயர்களையும் ஊர்களையும் படித்தால், பெரும்பாலும் பூங்காவுக்குப் போக வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். எல்லாப் பிள்ளைக்கும் கோடையில் தண்ணீரில் விழுந்து எழ வேண்டும். காசு இருக்கிற பிள்ளை உயிர்காப்பாளர் நிற்கிற அலைக்குளத்துக்குப் போகிறது. இல்லாத பிள்ளை ஆழம் தெரியாத குவாரிக்குப் போகிறது. குவாரித் தண்ணீர் மேலே வெதுவெதுப்பாக இருந்தாலும் ஆழத்தில் சில்லென்று இருக்கும். கரை சரிவாக இல்லாமல் செங்குத்தாக இருப்பதால் பிடித்து ஏற முடியாது. நல்ல நீச்சல்காரரே அதில் திணறிப்போவார்.

சென்னை மாநகராட்சி மெரினாவில் நீச்சல்குளம் நடத்துகிறது. மணிக்கணக்கில் பிரித்து, சொற்பக் கட்டணத்துக்கு விடுகிறார்கள். கோடைச் சாயங்காலங்களில் அங்கே வரிசை சாலைவரை வரும். ஆட்டோக்காரர் வீட்டுப் பையனும் ஐ.டி. கம்பெனிக்காரர் வீட்டுப் பையனும் ஒரே குளத்தில் குதிக்கிறார்கள். இப்படி ஒன்று மதுரைக்கு வேண்டும், திருச்சிக்கு வேண்டும், விருதுநகர், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி என்று ஒவ்வொரு மாவட்டத் தலைநகருக்கும் வேண்டும். ரோலர் கோஸ்டர் கேட்கவில்லை. மார்பளவு ஆழம், சுற்றிக் கம்பி வேலி, இரண்டு உயிர்காப்பாளர், நீச்சல் சொல்லித்தர ஒருவர், வெளியே ஒரு சோடாக் கடை. வார்டு கவுன்சிலர்களும் நகராட்சித் தலைவர்களும் பட்ஜெட் போடுவது மார்ச்சில். லீவு விடுவது ஏப்ரல் கடைசியில். மனு கொடுக்கிறவர்கள் தைப்பொங்கல் முடிந்த கையோடு கொடுத்துவிட வேண்டும்.